உப்புப் பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு வரைக்கும் மலாயாவின் சிலிபின் ஊர்ச் சன்னாசி நாடகங்களுக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தான். ஈப்போவுக்கு வந்த எந்தக் கம்பெனியும் அவனிடம் பாட்டு வாங்காமல் போனதில்லை. எழுதியபடி பாடியதும் இல்லை. ஏழு சரணம் எழுதினால், இரண்டைப் பாடிவிட்டு ராஜபார்ட் வெற்றிலை போடப் போய்விடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சன்னாசி, இனி நானே முதலாளி என்று கிளம்பிவிட்டான்.

அப்போது ஓடியதெல்லாம் ஊமைப் படம். திரைக்குப் பின்னால் ஆளை நிறுத்திப் பாட வைத்தால் படமே பாடுவதுபோல இருக்கும் என்பது அவன் யோசனை. படம் காட்டும் மிஷின் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவிடம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாடுவதற்கு, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நவமணி.

ஒத்திகையிலேயே கார்த்திகேசு எச்சரித்தார். “படத்தில ஆத்துக்குள்ள குதிச்சவள் அரை நிமிசத்தில மூழ்கித் தாண்டு போறாள். நீர் ஏழு சரணம் எழுதி வச்சிருக்கிறீர் காணும்!”

“மெதுவா சுத்துங்கய்யா.”

“மெதுவாச் சுத்தினால் படம் எரிஞ்சு போகும்.”

“எரிஞ்சாலும் பாட்டுல கை வைக்க முடியாதுலா” என்றான் சன்னாசி.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு முன்னால் திரை கட்டினார்கள். கதாநாயகி ஆற்றில் குதித்தாள். முதல் சரணத்திலேயே மூழ்கியும் போனாள். நவமணி இரண்டாவதைத் தொடங்கும்போது, திரையில் நாயகியின் மாமனார் விருந்துக்கு உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். ‘உயிர் போகுதே, தோழி’ என்ற புலம்பல் அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து வந்தது. கூட்டம் சிரித்தது.

“நிறுத்தாதே, பாடு!” என்று பல்லைக் கடித்தான் சன்னாசி.

நவமணி நிறுத்தவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்தாள். மெட்டை விடாமல் வார்த்தையை மட்டும் மாற்றினாள்.

“மருமக உசுரு போனாப் போகட்டும்,
கோழிக்கு உப்புப் போதுமா மாமா?”

மாமனார் விரலை நக்கிவிட்டுத் தலையாட்டினார். சிரிப்பில் லயமே அதிர்ந்தது. சன்னாசி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

படம் முடிந்ததும், தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் ஐயாவு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அண்ணே, அந்த உப்புப் பாட்டு யாரு எழுதுனது?”

“நான்தான்” என்றது சன்னாசியின் வாய், அவனைக் கேட்காமலே.

திரைக்குப் பின்னாலிருந்து நவமணி வந்தாள். சண்டை போடவில்லை. “அப்படியா அண்ணே? அடுத்த வரி என்னன்னு சொல்லுங்க, கேப்போம்” என்றாள்.

சன்னாசி லயத்துக் கூரையைப் பார்த்தான், கார்த்திகேசுவைப் பார்த்தான். கார்த்திகேசு மிஷினைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார்.

“இந்தப் பொண்ணுதான் எழுதுச்சு” என்றான் கடைசியில்.

அடுத்த மாதம் அச்சான நோட்டீசில் ‘பாட்டு: நவமணி’ என்று பெரிய எழுத்திலும், முதலாளியின் பெயர் அதற்குக் கீழேயும் இருந்தன. அதை நான்கு முறை படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவன்தான் சன்னாசி. ஆனால் பாரிட் புந்தார் ஊரில் இடம் போதாமல் ஜனங்கள் திரைக்குப் பின்பக்கமும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் இன்னொரு நாள் இருக்கச் சொல்லி, இவர்கள் போக வேண்டிய படகையே கட்டிவைத்தார்கள். சன்னாசி முன்வரிசை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த வரியில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல், எல்லோருக்கும் முன்னால் சிரித்தான்.