நாற்பத்தோராவது சோதனை

இர்ஷானாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள். படகுக்காரர் சங்கத்தின் அவசரத் தொலைபேசி மென்பொருளைச் சோதிக்கும் வேலை அவளிடம் வந்ததே அதனால்தான். "இர்ஷானா பாத்தா சரி" என்று சங்கத் தலைவர் இராசேந்திரம் மன்னார் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எருக்கலம்பிட்டியில் அவளுடைய வாப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் அது. சங்கம் வாங்கிய மலிவுக் கணினிப் பெட்டிக்கு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலர் சரிவரவில்லை. அதனால் கூட வேலை செய்யும் ரொபின்சன் அதே நிரலை வேறொரு கம்பைலரில் கட்டினான். நாற்பத்தொரு சோதனைகளில் நாற்பது தேறின. ஒன்று மட்டும் தேறவில்லை: கரையில் முதல் ஆள் எடுக்காத அழைப்பு இரண்டாம் ஆளுக்கு மாறும்போது மணி அடித்தது, எடுத்தால் குரல் வரவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றவன் கத்துவான், கரையில் ஒன்றும் கேட்காது.

"நான் பாக்கிறன், நீங்கள் வீட்ட போங்கோ," என்றான் ரொபின்சன். கணினியில் தன் கணக்குத் திறக்கவில்லை என்றும் சொன்னான். அவள் தன்னுடையதைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். ஆறு வருடம் கூட வேலை செய்தவனை யார் சந்தேகிப்பார்கள்?

மறுநாள் திரை முழுக்கப் பச்சை. எல்லாம் தேறியிருந்தது. சந்தோஷத்திலும் பழக்கம் விடவில்லை, எண்ணினாள். நாற்பதுதான் இருந்தது. மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். 'தேவையில்லாத சோதனை, நீக்கினேன். இர்ஷானா.' நேரே ரொபின்சனிடம் போனாள்.

"ஏன் என்ர பேரில செய்தனீங்கள்?"

"உங்கட பேரில எண்டா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்," என்றான், வெட்கமே இல்லாமல். "திங்கக்கிழமை இந்தச் சேவைக்குத் திறப்புவிழா. பிறகு ஆறுதலாத் திருத்துவம்."

"அதுக்கிடையில ஒரு படகு கடலில மூழ்கினா? நான் தலைவருக்குச் சொல்லப்போறன்."

அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற கழுதைகளை விலக்கித் தேத்தண்ணிக் கடைப்பக்கம் போனான். அவள் நீக்கிய சோதனையைத் திரும்பச் சேர்த்து ஓடவிட்டாள். அது தேறவில்லை, சிவப்பாய் வந்தது. உடனே தலைவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஐயா, திங்கக்கிழமை திறக்கவேண்டாம். ஒரு சோதனையை..."

"தெரியும் பிள்ளை. ரொபின்சன் தம்பி இப்பதான் எடுத்துச் சொன்னவர். நீங்கள் அவசரத்தில அழிச்சுப்போட்டியளாம், நல்லகாலம், அதைத் தான் கண்டுபிடிச்சதாம்." அவர் குரலில் கோபமே இல்லை. "மனம் நோகாதையுங்கோ. ஆருக்கும் பிழை வாறதுதானே. இனிச் சோதிக்கிறதை அவரே பாக்கட்டும்."

அவர் ஏசியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள்.

"அழிச்சது நானில்லை, ஐயா."

"ஓமோம், விடுங்கோ பிள்ளை," என்றார் இராசேந்திரம், அன்பாகவே.