குதிரைக்குப் போட்ட மணல்

இருதயசெல்விக்கு எடைப் பைத்தியம் என்று திண்டிவனத்தில் பாதிப்பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட அவளிடம் இருப்பது பவுனு என்கிற ஒரே குதிரை. அதை எடை மேடையில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள்: முந்நூற்று எண்பது கிலோ. பிரான்சிஸின் மினி லாரி தாங்குவது எழுநூறு. சேணம், ஜரிகைத் துணி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவாள். இன்னொரு குதிரையையும் சேர்த்து ஏற்றலாமே என்று யாராவது கேட்டால், மூஞ்சிக்கு நேரே முடியாது என்றுவிடுவாள்.

பிரான்சிஸ் ஒன்றும் வேற்றாள் இல்லை. ஞானஸ்நானத்தில் அவள் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். பவுனுக்குக் கால் வழுக்கக்கூடாது என்று வண்டியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டுக் கொண்டுவருவது அவன் வேலை. அவளைக்கூட வண்டியில் ஏற விடமாட்டான். "நீ ஏறினா அறுபது கிலோ கூடிப்பூடும் செல்வி. பஸ்ல வந்துடு, பவுனை நான் பாத்துக்கினு வர்றேன்" என்பான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று, அவன் பேரைச் சொல்லி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் அவள். அவ்வளவு நம்பிக்கை!

அன்று விழுப்புரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. வெயில் தாழ்ந்த நேரம், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பின் டயர் வெடித்து, பிரான்சிஸின் லாரி சாய்ந்து கிடந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே இறங்கி ஓடினாள்.

பவுனு சாலையோரம் விழுந்து கிடந்தது. முன்னங்கால் எலும்பு வெளியே தெரிந்தது. பக்கத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர், இது இனி நிற்காது, வலியோடு விட்டுவைப்பது பாவம் என்றார்.

சுற்றிலும் மணல். ஒரு கூடை இரண்டு கூடை இல்லை, பாதி ரோட்டை மறைக்கிற அளவுக்கு ஆற்று மணல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குதிரை நிற்கிற வண்டியைத் திருட்டு மணலுக்காக எந்தப் போலீஸும் கிளறிப் பார்ப்பதில்லை. இத்தனை நாளும் அவள் பஸ்ஸில் வருவதற்குள் மணலை வழியிலேயே எங்கோ இறக்கி விற்றிருக்கிறான், படுபாவி. அவள் கிலோ கிலோவாக மிச்சம் பிடித்த இடத்தையெல்லாம் நிரப்பி, அதற்கு மேலும் நிரப்பியிருக்கிறான்.

குதிரைக்காரம்மா சொல்லித்தான் மணல் போட்டதாக, விபத்தைப் பார்க்க வந்திருந்த எஸ்.ஐ.யிடம் பிரான்சிஸ் அளந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கிட்டே வந்து குரலைத் தணித்தான்.

"ஆமான்னு சொல்லிடு செல்வி. குதிரைக்குன்னா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இல்லாட்டி நான் உள்ள போயிடுவேன்."



"என்னை பஸ்ல ஏத்திவுட்டது இதுக்குத்தானாண்ணே?"

அவள் எஸ்.ஐ.யிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு சொன்னாள். எஸ்.ஐ. அவனை ஜீப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மருத்துவர் ஊசியை எடுத்தார். பவுனு அவள் பிடிக்கு அடங்கவில்லை. பிரான்சிஸின் குரல் கேட்ட பக்கம் காதைத் திருப்பித் திருப்பி, உடைந்த காலை ஊன்றி எழப் பார்த்தது. வழியெல்லாம் தடவிக் கொடுத்துப் பழக்கியவன் அவன்தானே. யாரிடம் அடங்கும் என்று மருத்துவர் கேட்டார். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, அவனைக் கொஞ்ச நேரம் விடும்படி எஸ்.ஐ.யிடம் கேட்டாள்.

அவன் வந்து மணலில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்தான். பவுனு ஒரு பெருமூச்சு விட்டு, அவன் மடியில் தலையைச் சாய்த்தது.