மிஸ் ஹாடனுக்கு ஒரு கிரீடம்

இருபத்தாறு மணி நேரமாக வெர்லீன் காட்ஸ்டன் ஒரு பெயரை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கென்று தொடங்கப்பட்ட ஹாடன் பல்கலைக்கழகத்தின் தலைவர் அவள். பழைய மாணவர்கள் திரண்டு வரும் ஆண்டுக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிஸ் ஹாடனுக்குக் கிரீடம் சூட்டுவது தலைவரின் வேலை. யார் ஜெயித்தார் என்று நேற்று மதியமே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அறங்காவலர் குழுவின் சேர்மன் பிராட்நாக்ஸ் அவளுடைய அறைக்கே வந்து கதவைச் சாத்தினார்.

"நம்ம கமில் பேரையே சொல்லிடுங்க, டாக்டரம்மா."

"உங்க பேத்தி தோத்துட்டா சார்."

"பேத்திங்கறதுக்காகக் கேக்கலை. தாழ்வாரத்துல ராணிங்க படம் வரிசையா மாட்டியிருக்கோம். எல்லாம் பால் தூக்கலா கலந்த காபி நிறம். அந்த வரிசையில ஜெயிச்ச இந்தப் பொண்ணு படத்தை மாட்டினா..." தோள் குலுங்கச் சிரித்தார். "உங்களைச் சொல்லலைம்மா. உங்ககிட்ட படிப்பு இருக்கு. பதவியும் இருக்கு, ஜூன்ல ஒப்பந்தம் முடியற வரைக்கும்."

போகிறபோது அவள் கன்னத்தைத் தட்டினார். கை ஈரமாக இருந்தது.

"பார்க்கலாம் சார்" என்றிருந்தாள். சோப்புப் போட்டு இரண்டு முறை முகம் கழுவினாள். அவருடைய வாசனைத் தைலம் போய்விட்டது. அந்தப் 'பார்க்கலாம்' மட்டும் நாக்கில் கொழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று அரங்கில் அவர் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரித்த கெளுத்தி மீனைத் தின்றார். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

பேண்டு ஓய்ந்தது. மைதானத்தின் நடுவே வெள்ளை உடையில் ஐந்து பெண்கள் நின்றார்கள். கடைசியில் நின்ற கறுத்த பெண் மற்ற நால்வருக்காகவும் கைதட்டிக்கொண்டிருந்தாள். கமில் கைதட்டவில்லை. வெர்லீன் கிரீடத்தோடு நெருங்கியதுமே தலையைக் குனிந்தாள்.

"கொண்டையில குத்தாம வைங்க டாக்டர். போட ரெண்டு மணி நேரம் ஆச்சு."

அப்படியென்றால் தாத்தா கேட்டது கமிலுக்கும் தெரியும். வெர்லீனுக்கு அருவருப்பாக இருந்தது. அவளைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று பிரிக்க முடியவில்லை.

முன்வரிசையிலிருந்து பிராட்நாக்ஸ் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். "சட்டுனு முடிங்கம்மா, வெயில்ல நிக்குது பிள்ளை!"

வெர்லீன் கமிலைத் தாண்டி, கடைசியில் நின்ற கறுத்த பெண்ணிடம் நடந்தாள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நேத்தே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தேன். நீங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சது ஜெரூஷா மேஃபீல்டை."