ஏரிக்குள் சாய்ந்த பைக்

ஜூலையில் தன் பைக்கிலேயே இமயமலைப் பக்கம், ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போவதென்று இளமதி முடிவு செய்திருந்தாள். ஒரகடத்துக் கம்பெனியில் லீவு கிடைத்துவிட்டது. எந்த ஊரோடு பெட்ரோல் பங்க் முடிகிறது, எங்கே தார் போய்க் கல்லும் ஓடையும் வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்பா கிருஷ்ணசாமியின் சம்மதம்தான் பாக்கி. அது இல்லாமலும் போகலாம், சம்பாதிக்கிற பெண். ஆனால் அப்படிப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

கிருஷ்ணசாமி ஒன்றுதான் கேட்டார்.

"ஆளே இல்லாத எடத்துல வண்டி சாஞ்சிச்சினா இன்னா பண்ணுவே?"

"தூக்குவேன் நைனா."

"பாரத்தோடவா? ஏரிக்குள்ள சாச்சிப் போட்டு தனியா தூக்கிக் காட்டு. அப்புறம் நான் தடுக்கல."

அந்தக் கோடையில் ஏரி வறண்டு வெடித்திருந்தது. பயணப் பெட்டிகளுக்குப் பதிலாகப் பைக்கின் இருபுறமும் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு இளமதி ஏரிக்குள் இறங்கினாள். வண்டியை மெதுவாகச் சாய்த்தாள். குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பதற்குள், தூரத்தில் நூறு நாள் வேலையில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வண்டி நிமிர்ந்துவிட்டது. அவர்களில் ஒருத்தியான ராணியம்மாள் தன் பாட்டில் தண்ணீரை அவள் காலில் ஊற்றினாள்.

"அடி படலியே கண்ணு?"

"நானேதான் சாச்சேங்க்கா."

ராணியம்மாள் மற்றவர்களைப் பார்த்தாள். "வெயிலு மண்டைக்கு ஏறிக்கீது. நெழல்ல குந்த வையி."

மறுநாள் மதகுப் பக்கம், யாரும் இல்லாத மூலைக்குப் போனாள். கரைமேல் மொபெட்டில் போன உள்ளூர்க்காரர் தானியேல் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கி வந்தார்.

"வுடுங்கண்ணே, தொடாதீங்க!"

"சும்மா இரு தங்கச்சி. இதுல இன்னா வெக்கம்? நான் வுழாததா?" என்று தூக்கி நிறுத்திவிட்டுத்தான் போனார்.

வேறு வழியில்லாமல் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். யாரும் தொடமாட்டோம் என்றார்கள். கிருஷ்ணசாமி வந்து கரைமேல் நின்றார். இளமதி மனதுக்குள் பெருமாளை நினைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, வண்டிக்கு முதுகைக் கொடுத்துக் காலால் உந்தினாள். பாதி எழுந்த வண்டி புழுதியில் வழுக்கி மறுபடி படுத்தது. இன்னொரு முறையும் அப்படியே. தானியேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தவித்தார்.

"பேஜாரா கீதே! இத்தப் பாத்துக்கினு சும்மா நிக்கணுமா?"

ராணியம்மாள் உட்காருவதுபோலக் குந்தி, ஒரு கல்லை டயருக்கு அண்டை கொடுத்தாள். அடுத்த உந்தலில் டயர் நின்றது, வண்டி எழுந்தது. எல்லோரும் கூவினார்கள்.

கரையிலிருந்து கல் தெரிந்திருக்காது. அப்பா இறங்கி வருவதற்குள் அதைக் காலால் தள்ளிவிடவும் முடியும். இளமதி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தனியா இல்ல நைனா," என்றாள் அவர் வந்ததும். "அக்கா கல்லு வச்சாங்க."

"நான் வண்டியத் தொடவே இல்லண்ணே!" என்றாள் ராணியம்மாள். "கல்லைத்தான் தொட்டேன்."

கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை.

"வண்டியத் திரும்பச் சாச்சிப் போடு," என்றார் மகளிடம். பிறகு மற்றவர்களைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். "எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க. தானியேலு, நீயுந்தான்."

எல்லோரும் வயலைப் பார்த்து நின்றார்கள். அவரும் திரும்பி நின்றார். பின்னால் இளமதி கல்லைத் தேடி எடுத்து வருவதும், அவள் மூச்சும், டயர் உரசுவதும் கேட்டன. பிறகு சைடு ஸ்டாண்டு விழும் சத்தம்.

"தூக்கிட்டேன் நைனா. கல்லு நானே வச்சேன்."

தானியேல் கழுத்தைத் திருப்பப் போனார். கிருஷ்ணசாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தானும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜூலைல அங்க குளுருமா?" என்று கேட்டார்.