எரிப்பு கூடிய சம்மந்தி

பெமிலாவுக்குச் சட்டம் என்று காதில் விழுந்தால் போதும், அது இன்னும் வராவிட்டாலும் அடங்கி நடப்பாள். அருமனையில் கல்யாணம், ஞானஸ்நானம், கால்பந்துப் போட்டி என்று எதையும் இணையத்தில் நேரலையாக விடும் சின்னச் சேனல் அவளுடையது. பழைய ஒளிபரப்புச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள், அரசு டிவி, தனியார் டிவி, இணையத்தில் ஓடுவது எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரைவைத் தேடிப்பிடித்துப் படித்தாள். காது கேளாதவர்களுக்கும் எல்லாம் புரிய வேண்டும், அடியில் எழுத்து ஓட வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

“அது பெரிய கம்பெனிக்காரன்மாருக்குள்ளதுட்டி. நம்மளத் தேடி டெல்லியிலருந்து ஆளு வருமா?” என்றான் புருஷன் பிபின்.

“வந்தா நீங்க பதில் சொல்லுவியளா?”

பேசுவதைத் தானே எழுத்தாக்கும் ஒரு மென்பொருளை வாங்கி மாட்டினாள். முதல் ஓட்டம் எங்கே? சொந்தத் தங்கை ஜினிஷாவின் நிச்சயதார்த்தத்தில். கேட்கவா வேண்டும்!

சுபினைத்தான் கட்டுவேன் என்று வீட்டோடு மல்லுக்கட்டி இந்த நாளைக் கொண்டுவந்தவள் ஜினிஷா. சுபினுக்கு ஊர் ஆரல்வாய்மொழி. அவன் அம்மா ராகேல் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கியாயிற்று. அப்பா யேசுரத்தினத்துக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை, நேரலையில்தான் பார்க்கிறார். காலைப் பலகாரம் முடிந்ததும் போதகர் ஜெபித்து மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு.

பெண்ணின் அப்பா ஆபேல் தோசையைப் பிய்த்துச் சம்மந்தியில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே இவர்களுக்குத் தேங்காய் அரைத்த துவையல்தான் சம்மந்தி. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு அந்தப் பேச்சு கிடையாது.

“மக்கா பிபினே, இந்தச் சம்மந்திக்கு எரிப்பு கூடுதலாக்கும். அரைச்சதும் போராது. எடுத்து வெளிய வச்சிட்டு வேற சம்மந்தி கொண்டா.”

மென்பொருள் எந்த ஊர்ப் பிறவியோ, நல்ல தமிழில் திருத்தி எழுதியது: ‘இந்தச் சம்பந்திக்கு எரிச்சல் கூடுதல். அறைந்ததும் போதாது. எடுத்து வெளியே வைத்துவிட்டு வேறு சம்பந்தி கொண்டு வா.’

கூடத்தில் வைத்திருந்த திரையில், நேரலைக்குக் கீழே, ஊர் உலகமெல்லாம் பார்க்க, குவைத்திலிருந்து பதில் வந்து விழுந்தது: ‘வேற சம்பந்தியே கொண்டு வரட்டும். ராகேல், பயலக் கூட்டிட்டு எந்திரி.’

ராகேல் கைப்பையை எடுத்துவிட்டாள். ஜினிஷா அழத் தொடங்கினாள். ஆபேல் எச்சில் கையோடு கேமரா முன்னால் பாய்ந்தார்.

“சத்தியமா நான் ஒங்களச் சொல்லல்ல! நான் சம்மந்தியச் சொல்லல்ல, சம்மந்தியச் சொன்னேன்!”

எழுத்து ஓடியது: ‘நான் சம்பந்தியைச் சொல்லவில்லை, சம்பந்தியைச் சொன்னேன்.’

‘காலையிலேயே குடிச்சிருக்காரா?’ என்றது குவைத்.

பெமிலா பதறிப்போய் எழுத்தை அணைத்தாள். ‘எழுத்தையும் நிப்பாட்டியாச்சா? இனி தைரியமாத் திட்டுங்க’ என்று வந்தது. குவைத்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஓடிப்போய் ராகேலின் கையைப் பிடித்தாள்.

“அத்தே, நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க.”

ராகேல் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “போன எடுத்தாலும் அவியளுக்குக் கேக்காது மக்களே. ஜெனரேட்டர் ரூமுல நின்னு நின்னு காது போயிட்டு. வேலை போயிருமேன்னு வெளிய சொல்ல விடல்ல.”

பெமிலாவுக்குப் பாவமாக இருந்தது. எழுத்தை அணைத்த கையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சம்மந்திக் கிண்ணத்தைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் பிபினிடம் கொடுத்தாள். கையாலேயே அடித்தாள்: ‘மாமா, இதுதான் எங்க ஊர்ச் சம்மந்தி. உங்க ஊர்ல இது துவையல். அப்பா இதைத்தான் சொன்னார். அறைஞ்சது இல்லை, அரைச்சது.’

கூடம் முழுக்க அசையாமல் திரையைப் பார்த்தது. பிபினுக்குக் கை வலித்தது.

‘துவையலா?’ என்று வந்தது. பின்னாலேயே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. போதகர்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். ராகேல் கைப்பையோடு உட்கார்ந்தாள்.

பெமிலாவின் போனுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. ‘வீடியோ கால்ல எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாது. சண்டை போடுற அளவுக்கு எனக்கு ஒண்ணு வெளங்குனது இன்னைக்குத்தான் மக்கா. எழுத்த நிப்பாட்டாத. தப்பா வந்தாலும் வரட்டும்.’

அவள் மென்பொருளை மறுபடி போடவில்லை. கேமராவைப் பிபினிடம் விட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து ஜெபத்தையும் வேதவசனத்தையும் ஆபேல் தும்மியதையும்கூட விடாமல் கையால் அடித்தாள். மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுபின் கேமராவைப் பார்த்தான்.

“அப்பா, போடட்டுமா?”

அவள் அதையும் அடித்தாள்.

‘கேட்டுது மக்கா,’ என்று வந்தது. ‘போடு.’