காற்றுத் திருடி

அது செவ்வாயா புதனா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. தலைமை ஆசிரியை நின்றுகொண்டு பேசினாரா உட்கார்ந்தா என்பதும் கலங்கலாகத்தான் இருக்கிறது. ஒன்பது, ஏழு என்ற இரண்டு எண்கள் மட்டும் மாறவில்லை.

எங்கள் விளையாட்டு ஆசிரியர் முந்தின நாள் மாலையே பந்துகளுக்குக் காற்றடித்துவிடுவார். மலையூர்க் குளிரில் வெளியே விரல் விறைக்கும் என்று ஆசிரியர் அறையில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பார். காற்றழுத்த மீட்டர் காட்டும் எண்ணைப் பந்தின் மேலேயே சாக்பீஸால் எழுதுவார். ஒன்பது. பிறகு பந்துகள் மைதானத்துத் தகரக் கொட்டகைக்குப் போகும். கொட்டகைச் சாவி ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் இருந்தது. அதனால் அவளை எல்லோரும் 'சாவி' என்றே கூப்பிட்டோம்.

அன்று காலை புல்லெல்லாம் உறைபனி. ஐந்து பந்துகளும் தொளதொளவென்று கிடந்தன. அளந்தால் ஏழு.

"பூட்டு பூட்டினபடி இருக்கு. காத்த யாரு எடுத்தா, காக்காவா?" என்று அவளைப் பிடித்துக்கொண்டார் விளையாட்டு ஆசிரியர்.

"நான் தொடவே இல்ல சார்."

"காத்துத் திருடி! நாளைக்கு மேட்ச்ல நீ கிடையாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அங்கே நின்றிருந்த அறிவியல் ஆசிரியையான என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், பாட்டில் வாயில பலூன் மாட்டிக் காட்டினீங்களே. வெந்நீர்ல வச்சா எழுந்துச்சு, ஐஸ்ல வச்சா படுத்துச்சு. பந்தும் அப்படித்தானே?"

அப்படித்தான். இரண்டு வாரம் முன்பு நான்தான் நடத்தினேன். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் வாயடைத்து நின்றேன். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

இடைவேளையில் ஒரு பந்தை எடுத்துவந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

"என்ன மிஸ், பந்துக்குக் காய்ச்சலா?" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

ஒரு மணி நேரம் பந்து அங்கேயே குளிர்காய்ந்தது. பிறகு அவர் மீட்டரையே அவர் கையில் கொடுத்து அளக்கச் சொன்னேன். ஒன்பது. அவர் அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

"மீட்டர் கோளாறு."

தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. அவள டீம்ல இருந்து எடுத்ததா நோட்டீஸ் ஒட்டியாச்சு. இப்ப கிழிச்சா அவர் மரியாதை என்ன ஆகிறது?"

"அந்தப் பொண்ணோட மரியாதை?"

"சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்."

சின்னப் பிள்ளை! உண்மையை எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

நோட்டீஸ் கிழிக்கப்படவில்லை. மேட்ச் அவள் இல்லாமலே நடந்தது. கொட்டகைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆண்டு அவள் வேறு பள்ளிக்கு மாறி, அங்கே ஆடினாள். தலைமை ஆசிரியை மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விளையாட்டு ஆசிரியர் இன்றும் ஹீட்டர் பக்கத்தில்தான் காற்றடிக்கிறார். அவரை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நான் அந்தப் பாடத்தை இப்போது பலூன் வைத்து நடத்துவதில்லை. பந்து வைத்து, மைதானத்தில், அவர் காதுபட நடத்துகிறேன்.