சம்பளம் குறைந்த நாடு

கட்டிங் மாஸ்டருக்குக் கண்ணே அளவுநாடா. சகலை வீட்டு வாசலில் நின்றபோதே அளந்துவிட்டார். தகரக் கூரை, ஒரே அறை, குறுக்கே துணி காயும் கயிறு. மனசு கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்?

அவர்கள் வேலை பார்த்த சட்டைக் கம்பெனி இந்த வெளிநாட்டில் கிளை திறந்தபோது இருவரையும்தான் கூப்பிட்டார்கள். சம்பளம் ஊரில் வாங்கியதைவிடக் குறைவு. "அந்தக் காசுக்கு இங்கயே ஈ ஓட்டலாம்" என்று மாஸ்டர் சிரித்தார். சகலை குடும்பத்தோடு கிளம்பினான். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போகிறான் என்று மாஸ்டர் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது புது வெட்டு இயந்திரம் பழக்கிக் கொடுக்க, அதே கிளைக்கு அவரை ஒரு வாரம் அனுப்பியிருந்தார்கள்.

சகலையின் மகள் பள்ளி விட்டு வந்தாள். கூட வந்த பெண் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

"யாரது?"

"எங்க மானேஜர் பொண்ணுண்ணே. ரெண்டும் ஒரே வகுப்பு."

"அந்தப் பொண்ணு ஏன் இங்க படிக்குது?"

"வேற எங்க படிக்கும்? எல்லாருக்கும் அதே பள்ளிக்கூடந்தான். ஃபீஸ் கிடையாது. பெரிய மனுஷங்க பிள்ளைங்களும் அங்கயே இருக்கறதால, கூரை ஒழுகினா மறுநாளே ஆள் வந்துடுது."

ஊரில் மாஸ்டர் தெருவிலிருந்த பள்ளியின் கூரையும் ஒழுகத்தான் செய்தது. கேட்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள், யார் கேட்பது? அவரும் வீம்புக்கு மகளை ஃபீஸ் கட்டும் பள்ளியில் போட்டார். கூடுதலாக வந்த சம்பளமெல்லாம் அங்கே கரைந்தது. அதுவும் போதாமல் படிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"பெரியப்பா, அக்கா என்ன படிக்கிறாங்க?"

"அக்கா கம்பெனியில இருக்காம்மா."

சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தான் அன்று சம்பளத்தை மட்டும் பார்த்த மடத்தனம் இப்போதுதான் உறைத்தது.

ஊர் திரும்பிய அன்று மகள் வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சித்தப்பா எப்படிப்பா இருக்கார்?"

"இருக்கார்மா. ஒரே ஒரு ரூம்தான்."

"ஐயோ பாவம். நல்லவேளை, நீங்க எங்களை அங்க கூட்டிட்டுப் போகல."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். தெரிந்து அவள் என்ன செய்வாள்?

"ஆமாம்மா" என்றார். அவள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.